படகு வாங்குமுன் ஒரு கணக்கு

(திண்டிவனத்தில் நடைபெற்ற உழவர் பயிற்சியொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மல்லாட்டைக்கு எப்போது ஜிப்சம் இடுவது, நெல்லுக்குத் தழைச்சத்தை எத்தனை முறை பிரித்து இடுவது என்றெல்லாம் பேசுவதே இந்த மேடையில் என் வழக்கம். இன்று படகைப் பற்றிப் பேசப் போகிறேன். டி.எம்.வி. ரக மல்லாட்டைகளால் பெயர் பெற்ற இந்தத் திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் மரக்காணம். உப்பளம், கழுவேலி, அதைக் கடலோடு சேர்க்கும் முகத்துவாரம், வடக்கே ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காலையில் கொல்லையில் களை எடுத்துவிட்டு மாலையில் கடற்கரைக்குப் போய் மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்துத் திரும்பும் உழவர்கள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. வேடிக்கை பார்த்தவர்களில் சிலருக்கு ஆசையும் வந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு இதே போன்ற பயிற்சி முடிந்ததும் அந்தப் பக்கத்து உழவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “சார், மல்லாட்டை வித்த பணம் கொஞ்சம் கையில இருக்கு. கடலுக்குப் போற கூட்டாளி ஒருத்தன் இருக்கான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பைபர் படகு எடுக்கலாம்னு பாக்கறோம். எடுக்கலாமா?” என்று கேட்டார். போன வாரம் ஒரு படகுக்கு ஒரே நாளில் நாலைந்து பெரிய கொடுவா விழுந்ததாம். அந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை 2013-ல் என் அண்ணன் என்னிடம் கேட்டார். அப்போது நான் சொன்ன பதில், “எனக்குப் படகைப் பற்றித் தெரியாது, உன் இஷ்டம்” என்பது. அந்தப் பதிலுக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

அண்ணனுக்கு மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை, ஒரு ஏக்கர் ஏரிப் பாசனக் கழனி. அவர் பழைய பைபர் படகு ஒன்றை இஞ்சினோடும் வலையோடும் சேர்த்து 2,60,000 ரூபாய்க்கு வாங்கினார். கையிருப்பு ஒரு லட்சம். மீதிக்கு அண்ணியின் 11 பவுன் நகை அடகுக்குப் போயிற்று. அண்ணன் கடலுக்குப் போகிறவர் அல்லர். கூட்டாளி படகை ஓட்டுவார், இவர் முதல் போட்டவர் என்று ஏற்பாடு. முதல் ஆண்டு நல்ல பாடு. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கே ஒரு முழுக் கொடுவா வந்தது. மூன்றாம் ஆண்டு முடிந்து 2016-ல் அதே படகை 45,000 ரூபாய்க்கு விற்றார். நகை திரும்பவில்லை.

விற்ற பிறகு ஒரு நாள் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். மீன் விற்ற பணம் தேதி வாரியாக அழகாக எழுதியிருந்தது. செலவுப் பக்கத்தில் டீசலும் ஐஸும் மட்டுமே இருந்தன. ரெசின் வாங்கியது, இஞ்சின் பிரித்துப் பார்த்த கூலி, புது வலைத் துண்டு, கயிறு, அடகு வட்டி ஒன்றையும் காணோம். “அதெல்லாம் எங்கே?” என்றேன். “அதெல்லாம் மல்லாட்டைப் பணத்துல கொடுத்துட்டேன்” என்றார். அதாவது மூன்று ஆண்டுகளாகக் கொல்லை படகுக்குச் சோறு போட்டிருக்கிறது. கொல்லைக்கும் அது தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. படகு நட்டத்தில் ஓடுகிறது என்று முதல் ஆண்டே தெரிந்திருந்தால் பாதி நகையாவது மிஞ்சியிருக்கும்.

ஆகையால் வாங்கும் விலையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அது யாரைக் கேட்டாலும் தெரியும். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் அது என்ன கேட்கும் என்பதே என் பேச்சு.

படகு சும்மா இருந்தாலும் தின்னும்

ஏர் பூட்டாத நாளிலும் மாட்டுக்கு வைக்கோல் போட்டாக வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு கரையில் சும்மா கிடப்பதைப் பார்க்கும்போது அது ஒன்றும் தின்னவில்லை என்று தோன்றும். உண்மையில் வெயில் அதைத் தின்னுகிறது, உப்புக்காற்று இஞ்சினைத் தின்னுகிறது, எலி வலையைத் தின்னுகிறது, வட்டி உங்களைத் தின்னுகிறது.

முன்பு நம் கரையில் கட்டுமரம்தான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். துடுப்பும் பாயும் இருந்தால் போதும், டீசல் என்ற பேச்சே இல்லை. பராமரிப்பு என்றால் கயிறு மாற்றுவது, உளுத்த மரத்தை மாற்றுவது, அவ்வளவே. பைபர் படகுகள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தாலும், 2004 டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகவும் கடனாகவும் ஏராளமாக வந்தன. இன்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் பைபர் படகுகளே வரிசையாக நிற்கின்றன. வேகம் கூடியது, தூரம் கூடியது, மீனும் கூடக் கிடைத்தது. கூடவே ரெசின் கடையும் இஞ்சின் மெக்கானிக்கும் ஊருக்குள் வந்தார்கள்.

படகின் உடல்

பைபர் என்பது கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகப் படிய வைத்தது. அதன் மேல் வழவழப்பாகத் தெரியும் வண்ணப் பூச்சு ஒரு தோல் போன்றது. அந்தத் தோல் உள்ளவரை உள்ளே நீர் போகாது. நம் கரையில் துறைமுகம் கிடையாது, படகை அலைக்குள்ளிருந்து மணலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிப்பகுதி மணலில் உரசுகிறது. இப்போது பல குப்பங்களில் டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள். ஆள் கூலி மிச்சம், உரசல் அதிகம். தோல் தேய்ந்த இடத்தில் நீர் இறங்கும். இறங்கிய நீர் இழைகளுக்கிடையே பரவும். படகு மூழ்காமல் இருக்க உள்ளறைகளில் அடைத்து வைத்திருக்கும் நுரைப் பொருள் நீரைக் குடித்துக் கனத்துப் போகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். சென்ற ஆண்டு ஆறு பேர் தள்ளிய படகுக்கு இந்த ஆண்டு ஒன்பது பேர் வேண்டியிருந்தால் அது நீர் குடித்திருக்கிறது என்று பொருள். கனத்த படகு கூடுதலாக டீசல் கேட்கும். என் அண்ணன் வாங்கிய படகு வாங்கும்போதே இந்த நிலையில் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. மேலே புது வர்ணம் அடித்திருந்தார்கள். பழைய படகு வாங்குவோர் வர்ணத்தைப் பார்க்காமல் அடியைப் பார்க்க வேண்டும். காய்ந்த படகின் உடலைச் சாவியாலோ காசாலோ தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்குப் பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். உள்ளறையில் சிறு துளை இட்டுப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் அதைவிட நல்லது. சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

விரிசலைச் சிறிதாக இருக்கும்போதே அடைக்க வேண்டும். முதலில் நல்ல நீரால் உப்பைக் கழுவி, விரிசலைச் சுற்றி நன்றாகத் தேய்த்துக் கரடாக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் பிடிக்காது, ஒரே மாதத்தில் பெயர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கோடையில் செய்து முடிக்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரெசின் வேலைக்கு ஹார்டனர் என்றும் ஆக்சிலரேட்டர் என்றும் இரண்டு திரவங்கள் விற்கிறார்கள். இவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிட்டால் தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் மற்றதை அளவாக ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் கூடாது. பூச்சிமருந்து டப்பாவை எப்படிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கிறோமோ அப்படியே இதுவும்.

கடலுக்குப் போகாத நாட்களில் படகின் மேல் தென்னங்கீற்று போட்டு வையுங்கள். அடியிலுள்ள வடிகால் அடைப்பைத் திறந்து விடுங்கள். மழைநீர் தேங்கினால் பாரமும் கூடும், கொசுவும் பெருகும்.

இஞ்சின்

பம்பு செட் வைத்திருப்போருக்கு இஞ்சினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பம்பு செட் நல்ல நீரில் வேலை செய்கிறது, படகு இஞ்சின் உப்பில் வேலை செய்கிறது. வேற்றுமை இந்த ஒன்றுதான், ஆனால் அதுவே எல்லாம்.

நம் கரையில் இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று, கடல் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வெளிப்பொருத்து மோட்டார். மற்றது, நீண்ட தண்டின் முனையில் விசிறி வைத்த, காற்றால் குளிரும் டீசல் இஞ்சின். முதல் வகையைக் கரை சேர்ந்ததும் ஒரு பீப்பாய் நல்ல நீரில் வைத்துச் சில நிமிடம் ஓட விட்டு, உள்ளே உள்ள உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போனால் உள்ளே உப்பு படிந்து நீர்ப்பாதை அடைபடும். ஒரு நாள் நடுக்கடலில் இஞ்சின் சூடேறி நிற்கும். இரண்டாம் வகைக்கு உள்ளே கழுவும் வேலை இல்லை. ஆனால் அதன் குளிர்ச்சித் தகடுகளுக்கு இடையே உப்பும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடையாகப் படியும். அதைத் துலக்கி எடுக்க வேண்டும். நீண்ட தண்டின் தாங்கிகளுக்குக் கிரீஸ் தவறக் கூடாது.

இஞ்சின் எண்ணெயை எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்று தயாரித்தவர்கள் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். மணிக் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு காலண்டரை இஞ்சின் வைக்கும் இடத்தில் மாட்டி, அன்றன்று ஓடிய நேரத்தைக் குறித்தாலே போதும். டீசலை எப்போதும் வடிகட்டி ஊற்றுங்கள். கேனின் அடியில் உள்ள கடைசி அரை லிட்டரை ஊற்றாதீர்கள், அதில்தான் நீர் நிற்கும்.

பல்லிணைப் பெட்டி உள்ள மோட்டாரில் இன்னொரு வினை உண்டு. அறுந்து மிதக்கும் நைலான் நூல் விசிறியின் பின்னால் தண்டில் முறுக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. அது சுற்றிச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். உடனே கடல் நீர் உள்ளே போகும். பல்லிணைப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. அன்றே சீலை மாற்றினால் செலவு சில நூறு ரூபாய். விட்டுவிட்டால் பற்சக்கரம் முழுதும் போய்விடும். என் அண்ணன் வீட்டில் நடந்தது இரண்டாவது. மாதம் ஒரு முறை விசிறியைக் கழற்றி நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகும்.

மோட்டாரின் அடியில் சாம்பல் நிறத் துத்தநாகத் துண்டு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். உப்பு நீர் மற்ற உலோகத்தை அரிக்காமல் முதலில் இந்தத் துண்டை அரிக்க வேண்டும் என்பதற்காகவே அது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் மேல் வர்ணம் அடித்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வர்ணம் அடித்தால் அது வேலை செய்யாது.

வலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். முதல் போடும் உழவர் அறிய வேண்டியது ஒன்றே. வலை என்பது டயர் போன்றது, தேய்ந்து தீர்வதற்காகவே வாங்குவது. நண்டு கிழிக்கும், பாறை பிடிக்கும், வெயில் நைலானை நைந்து போகச் செய்யும், மீன் வாடைக்கு எலி வரும். ஒரே இரவில் முழு வலையும் விசைப்படகில் சிக்கிப் போவதும் உண்டு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இருட்டில் அறுந்துபோன வலைக்கு யாரிடம் போய் வழக்காடுவது? ஆகவே ஆண்டுக்குப் பாதி வலை புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்றே கணக்கில் வையுங்கள். கிழிசல் தைக்கும் கூலியும் செலவுதான், வீட்டுப் பெண்கள் தைத்தாலும் கூட.

இனி கணக்கு

ஊருக்கு ஊர் விலையும் பங்கும் மாறும். ஆகையால் நான் சொல்லும் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

படகு 2,40,000 ரூபாய், 8 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 30,000. இஞ்சின் 1,20,000, ஆயுள் 4 ஆண்டு, தேய்மானம் 30,000. வலை 1,20,000, ஆயுள் 2 ஆண்டு, தேய்மானம் 60,000. ஆக முதல் 4,80,000, ஆண்டுத் தேய்மானம் 1,20,000. முழுதும் கடன், வட்டி நூற்றுக்கு 12 என்றால் முதல் ஆண்டு வட்டி 57,600. ரெசின், வர்ணம், இஞ்சின் பழுது, வலை தைப்பு, கயிறு, மிதவை, நங்கூரம் எல்லாம் சேர்த்து 68,000. கூட்டினால் 2,45,600 ரூபாய். படகு ஒரு சொட்டு டீசல் குடிக்கு முன்பே உள்ள செலவு இது.

ஆண்டில் 160 நாள் கடலுக்குப் போனால் நாளொன்றுக்கு 1,535 ரூபாய் விழுகிறது. 120 நாள்தான் போக முடிந்தால் அதுவே சுமார் 2,047 ரூபாய்.

ஒரு நாள் 6,000 ரூபாய்க்கு மீன் விற்றது என்று வைப்போம். ஏலக்காரர் கழிவு நூற்றுக்கு 5 என்றால் 300 போகிறது. டீசல் 15 லிட்டர் 95 ரூபாய் வீதம் 1,425, ஐஸ் 125, சாப்பாடு 150, இழுவை 100, மொத்தம் 1,800. மீதி 3,900. அதில் பாதி கடலுக்குப் போன ஆட்களுக்கு, பாதி படகு, இஞ்சின், வலைக்கு என்று ஊர் வழக்கம் இருந்தால் உடையவருக்கு 1,950 ரூபாய் வரும்.

160 நாள் ஓடும் படகானால் 1,535 போக 415 ரூபாய் மிச்சம். 120 நாள் ஓடும் படகானால் நாளொன்றுக்கு 97 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மீன் அதே மீன், விலையும் அதே விலை. நாள் எண்ணிக்கை குறைந்ததுதான் வித்தியாசம். ஆனால் அந்த 97 ரூபாய் நட்டம் அன்று கண்ணில் படாது. கையில் 1,950 ரூபாய் இருக்கும், வீட்டுக்குப் போகும் வழியில் துணிக்கடையும் இருக்கும். இஞ்சின் போகும் நாளில்தான் நட்டம் முகம் காட்டும். ஆகவே வரும் பங்கில் தேய்மானத் தொகையைத் தனி அஞ்சலகக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ அன்றே போட்டு வைக்க வேண்டும். வீட்டு உண்டியலில் போட்டால் நிற்காது.

ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். வட்டி கேட்க மாட்டார். அதற்குப் பதில் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், விலையும் கழிவும் அவர் சொன்னதே. மண்டியில் முன்பணம் வாங்கிவிட்டு மல்லாட்டையை அவர் சொன்ன விலைக்கே போட்டுவிட்டு வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இது அதேதான்.

கொடுவாவை நம்பலாமா?

கொடுவா ருசியான மீன், எப்போதும் நல்ல விலை. கழுவேலி போன்ற உவர்நீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்தையும் கடலையும் நாடும் மீன் அது. இளமையில் ஆணாக இருந்து, சில ஆண்டு வளர்ந்த பின் பெண்ணாக மாறுவது அதன் விந்தை. ஆகவே ஏலத்தில் ஆளுயர விலைக்குப் போகும் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். அது தினமும் விழும் மீன் அன்று, எப்போதாவது விழுவது. தினமும் விழும் மத்தி, கவளை, மடவை, நண்டு ஆகியவற்றின் வருமானத்தில் படகுச் செலவு கட்டுகிறதா என்று பாருங்கள். கொடுவா விழுந்தால் அது போனஸ்.

இதே மீனை ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்கிறார்கள். அங்கே பொழுதுபோக்காகத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே படகு வாங்கிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவோர் உண்டு. அமெரிக்காவிலும் வேறு வகைப் பாஸ் மீனுக்கென்று தனிப் படகுகள் செய்கிறார்கள். அவர்களுக்கும் இஞ்சின் எண்ணெய், பழுது, காப்பீடு எல்லாம் உண்டு. ஆனால் அது சினிமாச் செலவு போல, சம்பளத்திலிருந்து போகிறது. நமக்கு அந்தப் படகு சம்பளம் கொடுக்க வேண்டும்.

கொடுவாவைக் குளத்தில் வளர்ப்பதும் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அதற்குக் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியிருக்கிறது. அது தனியே ஒரு நாள் பேச வேண்டிய விஷயம். கழுவேலிக்குள் படகு விட எண்ணுவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. எங்கே எது அனுமதி என்று வனத்துறையிடம் கேட்ட பிறகே பணம் போடுங்கள்.

ஒரே புயலில் இரண்டும்

நான் இன்று வந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். கறவை மாடு வைத்திருப்பதும் கோழி வளர்ப்பதும் ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும் என்பதற்காக. அதே எண்ணத்தில்தான் உழவர் படகில் பணம் போடுகிறார். மழை பொய்த்த ஆண்டுக்கு அது சரி. கொல்லை காய்ந்தாலும் கடல் காய்வதில்லை. ஆனால் நம் மாவட்டத்தை அதிகம் அடிப்பது புயலும் வெள்ளமும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் கழனியில் நெல் மூழ்கிக் கிடந்தது, கரையில் படகும் ஏற்றிக் கிடந்தது. இரண்டு வருமானமும் ஒரே வாரத்தில் நின்றன. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

2015-ல் என் அண்ணனுக்கு நடந்தது இதுவே. நெல் அழுகிற்று. வாரக் கணக்கில் படகு இறங்கவில்லை. அடகு வட்டி கட்ட மல்லாட்டை விதைக்கு வைத்திருந்த பணம் போயிற்று. மார்கழியில் விதைக்கப் பணம் இல்லாமல் கொல்லை கரம்பாகக் கிடந்தது. தவணை தவறிய நகை ஏலத்துக்குப் போனது அதற்குப் பின். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் எங்கள் மகள் திருமணத்துக்கு மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றார்.

ஆகவே நிலத்தையும் நகையையும் ஈடு வைத்துப் படகு வாங்காதீர்கள். படகின் ஈட்டிலேயே கிடைக்கும் கடன் எவ்வளவோ அவ்வளவுக்கே வாங்குங்கள். மீன்பிடிப்போருக்கும் விவசாயக் கடன் அட்டை உண்டு. அது டீசல், ஐஸ், வலைப் பழுது போன்ற நடைமுறைச் செலவுக்கு உரியது. வட்டி நூற்றுக்கு 7, தவறாமல் கட்டுவோருக்கு 3 சதம் தள்ளுபடி என்ற அடிப்படையில் அது தொடங்கப்பட்டது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் படகுக்கும் வலைக்கும் பொதுப் பிரிவினருக்கு 40 சதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60 சதமும் மானியம் என்று வைத்தார்கள். இவை மீன்பிடித் தொழில் செய்வோருக்கே. கடலுக்குப் போகாத உழவர் தம் பெயரில் கேட்டால் கிடைக்காது, கூட்டாளியின் பெயரில் கேட்க வேண்டும். அப்படியானால் படகு யார் பெயரில் பதிவு, யார் எவ்வளவு முதல், இஞ்சின் பழுதானால் யார் கொடுப்பது, பிரிவதானால் எப்படி என்பதை முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடப்பில் உள்ள திட்டம் எது என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். கடலுக்குப் போகும் ஆட்களின் விபத்துக் காப்பீட்டை மறந்துவிட வேண்டாம். முதல் போட்டவர் கரையில் நிற்கிறார், உயிரைக் கொண்டு போகிறவர் அவர்கள்.

கேள்வி கேட்ட அந்த உழவருக்கு ஒரு வாரம் கழித்து நான் சொன்னது இது: “இப்போது வாங்க வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கூட்டாளி இப்போது ஓட்டும் படகின் கணக்கை ஒரு வருடம் எழுதுங்கள். கடலுக்குப் போகாத நாளையும் ‘போகவில்லை’ என்று எழுதுங்கள். அந்த நாள்தான் முக்கியம்.”

அவர் எழுதியிருக்கிறார். ஐந்து மாதம் முடிந்து முதல் நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை ‘போகவில்லை’ என்று 61 நாள் இருக்கிறது. வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இன்று இங்கே நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நோட்டையும் கொண்டு வந்திருக்கிறார். தேநீர் வேளையில் அதை மேசை மேல் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.